ஒரு சாண் தண்டு

"நிக்க மாட்டேங்குது சிஸ்டர்."

கான்வென்ட் தோட்டத்துக்குள் வந்ததும் வராததுமாக ஜெசிந்தா சொன்னாள். இரண்டு கையிலும் பூக்கட்டு. முந்தானை நனைந்து கிடந்தது.

சிஸ்டர் பெனிசியா கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவைவிட இருபது வயது இளையவர்.

"எது நிக்கலை அக்கா?"

"எதுவுமே."

இருபத்தாறு வருடமாகக் கோவில் பீடத்துக்குப் பூ வைப்பது ஜெசிந்தாதான். பச்சை ஃபோம் கட்டி கடைக்கு வந்ததிலிருந்து அதை நனைத்து, அதில் பூவைக் குத்துவாள். குத்தினது குத்தினபடி நிற்கும். பூ வாடினதும் கட்டியைக் கோவிலுக்குப் பின்னால் போடுவாள்.

போன மழையில் அது தூள்தூளாகி, மாதா சிலை நிற்கும் கெபிக் குளத்துக்குள் இறங்கிவிட்டது. மட்கவே மட்காதாம். மாதாவின் காலடியில் பச்சைப் பச்சையாக மிதந்ததை அவளே அள்ளினாள். இனி அது வேண்டாம் என்று முதலில் சொன்னவளும் அவள்தான்.

அதற்கப்புறம்தான் வந்தது வினை.

முந்தாநாள் பெரிய வியாழன் பூசை. சாமியார் சடங்குப்படி பன்னிரண்டு பேரின் பாதம் கழுவிக்கொண்டிருந்தார். தேங்காய் நாரில் நிறுத்தி வைத்த பூவெல்லாம் மொத்தமாகச் சரிந்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை கைதட்டியது.

"நாளைக்கு ஈஸ்டர் சிஸ்டர். இதுவும் விழுந்துச்சுன்னா பிளாஸ்டிக் பூ வாங்கிருவாங்களாம். கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. கழுவிக் கழுவி வச்சுக்கலாமாம்."

"உயிர்த்த ஆண்டவருக்குப் பிளாஸ்டிக்கா?"

"அப்படித்தான் நானும் கேட்டேன்."

"வேற என்னென்ன பண்ணிப் பாத்தீங்க?"

"வைக்கோலைக் கட்டி வச்சேன், நாறிப்போச்சு. ஈரமணல்ல வச்சேன், சம்பங்கி குப்புற விழுந்துச்சு. கோழிக்கூட்டு வலையச் சுருட்டி வச்சேன். எங்க வீட்டுக்காரர் வந்து, முட்டை போட்டுச்சான்னு கேக்காரு."

சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெசிந்தாவும் சிரித்துவிட்டாள்.

"ஃபோம் வர்றதுக்கு முன்னால பூ வச்சீங்கள்ல? அப்ப எப்படி நின்னுச்சு?"

ஜெசிந்தா யோசித்தாள்.

அப்போதெல்லாம் பீடத்தில் பித்தளைக் குடம். இடுப்பில் கடைக்குட்டி. மூத்தவன் மண்டியிட்டு அருள்நிறை மரியே சொல்லிக்கொண்டே ரோஜா இதழைத் தின்பான். நடுவுள்ளவள் ஆர்மோனியப் பெட்டிக்கு அடியில் தூங்கிப்போவாள். கோவில் முழுக்கச் சம்பங்கி வாசம். இப்போது ஒருத்தன் மஸ்கட்டில், ஒருத்தி ஓசூரில், ஒருத்தி கோவையில்.

பூ நின்றது. எப்படி நின்றது?

"ஞாபகம் இல்ல சிஸ்டர். பிள்ளைங்க முகம்தான் வருது."

சிஸ்டர் உள்ளே போய், ஊறுகாய் தீர்ந்த பெரிய கண்ணாடி ஜாடியைக் கழுவிக் கொண்டுவந்தார். அதில் தண்ணீர் நிரப்பினார்.

"வையுங்க."

ஜெசிந்தா பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். நாலைந்து தண்டைச் சாண் அளவுக்கு நறுக்கினாள். ஒன்றை ஜாடிக்குள் போட்டாள். சாய்ந்தது. இன்னொன்று போட்டாள். அது முழுகியே போனது.

"பாத்தீங்களா?"

சிஸ்டர் கையை நீட்டினார்.

"கத்தரிக்கோல்."

கொடுத்தாள். சிஸ்டர் அதை அங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு, மறுபடி கத்தரிச்செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

"சிஸ்டர்! நான் எதை வச்சு வெட்ட?"

"எதுக்கு வெட்டணும்?"

"ஃபோம்ல வைக்க ஒரு சாண் போதும்ல?"

"ஃபோம் எங்க இருக்கு?"

ஜெசிந்தா ஜாடியைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள்.

அந்தக் காலத்தில் பூ வைக்க இருந்தது ஒரு கைதான். இன்னொரு கையில் பிள்ளை. தண்டை நறுக்க ஏது கை?

குட்டைப் பூக்களை எடுத்துத் தனியே வைத்தாள். கட்டிலிருந்து வெட்டாத ஒரு சம்பங்கித் தண்டை முழுசாக உள்ளே விட்டாள். அது இடப்பக்கம் சாய்ந்தது. இன்னொன்று. அது வலப்பக்கம். செவ்வந்தியைக் கிளையோடு நடுவில் நுழைத்தாள். பிறகு ரோஜா. ஏழாவது தண்டை வைத்ததும் ஒன்றும் நகரவில்லை.

குனிந்து கண்ணாடி வழியாகப் பார்த்தாள்.

தண்ணீருக்குள் தண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று கால் போட்டுக்கொண்டு கிடந்தன. ஒரே பாயில் மூன்று பிள்ளைகள் தூங்குகிற மாதிரி.



சிஸ்டர் வந்தார். நடுவிலிருந்து ஒரு ரோஜாவைச் சட்டென்று உருவினார்.

"ஐயோ, விழுந்துரும்!"

மற்ற பூக்கள் லேசாக அசைந்தன. கொஞ்சம் இடம் மாறின. நின்றன.

"பூசை முடியிற வரைக்கும் இப்படியே நிக்குமா சிஸ்டர்?"

சிஸ்டர் ஜாடியைத் தூக்கி அவள் கையில் வைத்தார்.

"நடங்க."

கோவிலுக்குப் போகிற வழி முழுக்க மணல். ஜெசிந்தாவின் ஒவ்வோர் அடிக்கும் பூக்கள் ஆடின. முதலில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் அதை மறந்து, வாய்க்குள் அல்லேலூயா பாடத் தொடங்கினாள்.

கமிட்டித் தலைவர் லாசர் கோவில் படியிலேயே நின்றிருந்தார்.

"என்னம்மா இது, இந்த ஆட்டம் ஆடுது?"

"ஆடட்டும் அண்ணே" என்றாள் ஜெசிந்தா.