பன்றி கூட்டிய காலைக் கூட்டம்

ஒரு காட்டில் மழை பொய்த்துவிட்டது. ஆறு வெறும் மணலாய்க் கிடந்தது. குட்டிகளெல்லாம் தாகத்தில் துவண்டு போயின.

யானை எல்லோரையும் அழைத்தது. "ஆற்றின் நடுவில் பெரிய குழி தோண்டுவோம். அகலம், ஆழம் எல்லாம் நான் முடிவு செய்துவிட்டேன். வேலை முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது" என்றது.

யானை சொன்னால் சொன்னதுதான். அதற்கு மறுபேச்சு அந்தக் காட்டில் கிடையாது.

தோண்டுவதில் காட்டுப்பன்றி கெட்டி. அதன் தந்தத்தில்தான் முதலில் பாறை தட்டியது.

"யானையாரே, அடியில் பாறை இருக்கிறது. வேறு இடம் பார்க்கலாமா?"

"பாதி வேலையில் என்ன பேச்சு? முதலில் முடி."

பன்றிக்கு மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் பெரியவரிடம் வாதாடுவானேன் என்று பாறையையே சுரண்டிக்கொண்டிருந்தது. அன்று மாலை ஒரு மான்குட்டி தண்ணீரில்லாமல் செத்துப்போனது.

மறுநாள் விடிந்ததும் பன்றி குழிக்குள் இறங்கவில்லை. எல்லோரையும் குழியைச் சுற்றி நிற்கச் சொன்னது.

"உட்காராதீர்கள், நேரமில்லை. நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்யப்போகிறோம், எது தடுக்கிறது? இதை மட்டும் சொல்லுங்கள். நேற்று நான் பாறையைச் சுரண்டினேன். இன்று சுரண்டமாட்டேன். அந்தப் பாறைதான் தடை."

யானை கோபத்தில் துதிக்கையை உயர்த்தியது. யாரும் நகரவில்லை.

கீரி தயங்கித் தயங்கிப் பேசியது. "நேற்று மண் அள்ளினேன். கோரைப்புல் ஓரம் மணல் ஈரமாக இருந்தது. பேசக் கூடாது என்றதால் சொல்லவில்லை. இன்று அங்கே தோண்டலாம் என்றிருக்கிறேன்."

அடுத்து தாய்மான். "நேற்று என் குட்டியைப் பறிகொடுத்தேன். இன்று தோண்ட வந்திருக்கிறேன். இனி எனக்கு ஒரு தடையும் இல்லை."

யானையின் துதிக்கை தாழ்ந்தது. அது கீரியிடம், "அந்த இடத்தைக் காட்டப்பா" என்றது.

அங்கே கொஞ்சம் தோண்டின. மணலை முகர்ந்து பார்த்தன. ஈரம் போன பக்கம் நகர்ந்து மறுபடி தோண்டின. வெயில் சாய்வதற்குள் நீர் ஊறியது.

யானை முதலில் தாய்மானைத்தான் குடிக்கச் சொன்னது. அது குடிக்கவில்லை. மற்றவர்களின் குட்டிகளை முன்னே அனுப்பிவிட்டு ஒதுங்கி நின்றது.

அன்றுமுதல் அந்தக் காட்டில் எந்த வேலையும் காலைக் கூட்டத்தில்தான் தொடங்கும். யானையும் அதில் நின்று, தன் தடையைச் சொல்லும்.

நீதி: கண்ட தவறை அன்றே சொல்லவும், சொன்னதைக் கேட்டு வழி மாற்றவும் இடமிருந்தால்தான் கூட்டு முயற்சி பலன் தரும்.