பவுனு மல்லாந்த நாள்

பிப்ரவரி 3, காலை ஆறரை மணி. கண்ணாடிப் பெட்டிக்குள் விட்ட சிள்வண்டுகள் ஐந்தும் உயிரோடு திரிந்தன. பவுனு ஒன்றையும் தொடவில்லை. இருபத்திரண்டு நாளாகப் பட்டினி.

பவுனு உள்ளங்கை அகல டாரன்டுலா சிலந்தி. "இவளைச் சாகவிட்டுடாதீங்கப்பா" என்று ஒப்படைத்துவிட்டு மகள் ஜெசிந்தா டப்ளினுக்குப் படிக்கப் போயிருந்தாள். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற சூசைமாணிக்கத்துக்கு அன்று போன தூக்கம் திரும்பவில்லை.

இப்போது பவுனு மல்லாந்து கிடந்தாள்.

அடுத்த தெருவில் நாற்பது சிலந்தி வளர்க்கும் ரஹ்மத் நிஷாவுக்கு வயது முப்பது. அவளைக் 'குருவே' என்று அவர் கூப்பிடத் தொடங்கியது கேலிக்கு. கேலி போய் மாதம் மூன்றாகிறது.

போனில் அவளை அழைத்தார். "குருவே, போயிட்டா போல. புரட்டிப் பார்க்கட்டுமா?"

"கையை எடுங்க சார். வர்றேன்."

வந்தவள் இடுக்கியால் சிள்வண்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்து டப்பாவில் போட்டாள்.

"பசிச்சா எடுத்துக்கட்டும்னு விட்டேன்."

"தோல் உரிக்கப் போறா. உரிச்சதும் உடம்பு வெண்ணெய் மாதிரி இருக்கும். இதுங்க இவளைத் தின்னுடும்."

சூசைமாணிக்கம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

பதினோரு மணிக்குப் பழைய தோலுக்குள்ளிருந்து ஒரு கால் வெளியே வந்தது. பன்னிரண்டுக்கு எட்டும் வந்தன. அவர் கை டப்பாவை நோக்கிப் போனது.

"ஒண்ணே ஒண்ணு போடலாமா?"

"விஷப்பல்லைப் பாருங்க, வெள்ளையா இருக்கு. கறுத்தாத்தான் கடிக்க முடியும். பத்துப் பதினஞ்சு நாள் ஆகும். தண்ணி மட்டும் வைங்க."

"அதுவரைக்கும் நான் என்ன செய்ய?"

அவர் போனை எடுத்து மகளை அழைத்தார். மணி அடித்து ஓய்ந்தது.

"நேத்தும் எடுக்கல. 'பரீட்சை, நல்லா இருக்கேன்'னு மெசேஜ் மட்டும் வருது. குரல் கேட்டு ஒரு வாரம் ஆச்சு."

"அங்க இப்ப மணி என்ன?"

"காலையில ஆறரை. சாப்பிட்டியான்னு கேக்கலாம்னு."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை கேப்பீங்க?"

"மூணு வேளைதானே, குருவே."

நிஷா டப்பாவை மூடித் தன் பைக்குள் போட்டாள். பையின் வாயை விரித்து அவர் முன் நீட்டினாள்.

"போனையும் இதுலயே போடுங்க சார்."

அவர் போடவில்லை. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானை மாட்டிக்கொண்டார்.

பிப்ரவரி 16, ஞாயிறு. பவுனு ஒரு சிள்வண்டைத் தின்றாள். பதிமூன்று நாளாக அவர் அழைக்காதிருந்த ஜெசிந்தா, சாயங்காலம் அவளாகவே அழைத்தாள்.