ஓட்டை இல்லாத இலை

ஒரு ஊரில் ஒரு கீரைக்கட்டு இருந்தது. அதற்குள் ஒரு பச்சைப்புழு குடியிருந்தது. அவசர அவசரமாக அரிந்து கட்டியதில், வரப்போரம் நின்ற ஊமத்தங்கன்று ஒன்றும் கட்டோடு வந்து சேர்ந்துவிட்டது.

வந்ததும் வராததுமாகக் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

"இது விஷம்! வெளியே தள்ளுங்க!" என்று புழு கத்தியது.

"சும்மா இருடா," என்றது முளைக்கீரை. "கட்டுக்குள்ள வந்த விருந்தாளியைப் போன்னு சொல்றதா? என்ன லட்சணமா இருக்கார் பாரு! உடம்புல ஒரு ஓட்டை உண்டா?"

"அதைக் கடிக்க எனக்கென்ன பைத்தியமா?"

"எங்களை ஓட்டை போட்டவனெல்லாம் சாட்சி சொல்ல வந்துட்டான்," என்று சிறுகீரை முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஊமத்தை பெரிய மனுஷன் மாதிரி சிரித்தது.

சாயங்காலம், கீரைக்கட்டை வாங்கி வந்த ரெஜினா சீரியல் முன்னால் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கண் கதாநாயகியின் கண்ணீரில். விரல் மட்டும் வேலையில். ஓட்டை இலையெல்லாம் குப்பைக்கு. நல்ல இலையெல்லாம் சட்டிக்கு. நடுவில் விளம்பரம் வந்தது.

"என்னங்க, இந்த இலையைப் பாருங்க, எவ்வளவு ஃப்ரெஷ்ஷா இருக்கு!" என்று ஊமத்தையைத் தூக்கிக் காட்டினாள்.

"ம்," என்றார் சகாயராஜ், செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஊமத்தை சட்டிக்குள் இறங்கியது.

புழு கணக்குப் போட்டது. ஓட்டை இலையோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போனால் உயிர் தப்பிக்கலாம். வெளியே வந்தாலோ, நசுக்கித்தான் போடுவாள். அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து ஒரு பிஞ்சுக்குரல், "அம்மா, பசிக்குது," என்றது.

"இது என் காதுலயா விழணும்!" என்று அலுத்துக்கொண்டே புழு ரெஜினாவின் கட்டைவிரலில் ஏறி, மணிக்கட்டில் நன்றாக நெளிந்து காட்டியது.

"ஐயோ மாதாவே! புழு!"

கையை உதறிய வேகத்தில் புழு சட்டிக்குள் விழுந்தது. சட்டி அப்படியே குப்பைத்தொட்டியில் கவிழ்ந்தது.

"ஒரு புழுவுக்காக முழுக் கட்டையும் கொட்டுவியா?" என்றார் சகாயராஜ்.

"நீங்க வேணா பொறுக்கித் தின்னுங்க!"

தொட்டிக்குள் ஒரே ஒப்பாரி. "கடைஞ்சு, நெய் ஊத்தி, சோத்துல ஏற வேண்டியவங்கடா நாங்க! உன்னால நாசமாப் போனோம்!" என்று முளைக்கீரை புழுவைத் திட்டியது.

"எல்லாம் சகவாச தோஷம்," என்று ஊமத்தை பெருமூச்சு விட்டது.

சமையலறையில் ரெஜினாவின் குரல் இன்னும் அடங்கவில்லை. "அந்தப் புழு மட்டும் என் கண்ணுல படலைன்னா, இன்னைக்கு நம்ம கதி என்ன ஆகியிருக்கும்!"

தொட்டிக்குள் புழுவின் வாய் நிறையச் சிறுகீரை.