ஒரு மணி நேரம் குறைகிறது

"டீச்சர், ஒரு மணி நேரம் குறையுது" என்றார் இருதயராஜ்.

ரிப்பேர் கடை மேசையில் குனிந்திருந்த நசீமா தலை நிமிரவில்லை. அவர் கையிலிருந்த சால்டரிங் கம்பியின் நுனியில் புகை எழுந்துகொண்டிருந்தது.

"எதுல?"

இருதயராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு பாட்டுப் பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். சீட்டுக்கட்டு அளவுதான் இருக்கும். செல்போன் பேசுவதற்கு மட்டும் என்று இருந்த காலம் அது.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. லேத் பட்டறையில் முப்பது வருடம் நின்றவர். நசீமாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனால் இந்த மாதிரிப் பெட்டிகளின் உள்ளே போய் வரத் தெரிந்தவர் அந்த ஊரில் அவர் ஒருவர்தான். அதனால் இவர் அவரை டீச்சர் என்றார். அவர் இவரை அண்ணே என்றார்.

"என் வீட்டுக்காரி பிலோமினா ஆஸ்பத்திரியில இருக்கா. இடுப்பெலும்பு. கால்ல எடை கட்டித் தொங்கவிட்டு மல்லாக்கப் படுக்க வச்சிருக்காங்க. ஆறு வாரம் அசையக் கூடாது. காலையில ஆறரைக்குக் கஞ்சியோட இதையும் குடுத்துட்டு வந்துடுவேன். அப்புறம் நாலு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. இது மூணு மணிக்கே நின்னுடுது."

"பக்கத்துல பிளக் பாயின்ட்?"

"அவ கட்டில் நடு வரிசை."

"அந்த ஒரு மணி நேரம் அவங்க என்ன பண்றாங்க?"

"என்ன பண்ணுவா? கூரையைப் பாத்துக்கிட்டுக் கிடப்பா."

"கேட்டீங்களா?"

"இதுல கேக்க என்ன இருக்கு டீச்சர்?"

நசீமா கம்பியைத் தாங்கியில் வைத்தார்.

பெட்டியைச் செய்த கம்பெனி அதை எப்போதோ மறந்துவிட்டது. அதற்குள் கம்பெனி வைத்த மென்பொருளை யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் எங்கெங்கோ இருக்கும் சிலர் சேர்ந்து அதே பெட்டிக்கு வேறொரு மென்பொருள் எழுதியிருந்தார்கள். யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம் என்று பொதுவில் வைத்திருந்தார்கள்.

பழையதை எடுத்துவிட்டு நசீமா அதை ஏற்றிக் கொடுத்தார்.

"இப்ப நேரம் கூடுமா?"

"கூடாது. இப்ப நீங்க உள்ள போய்ப் பாக்கலாம். அவ்வளவுதான்."

இருதயராஜ் உள்ளே போனார்.

முதல் வாரம் ஒன்றும் புரியவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளை வரிவரியாகப் படித்தார். இரண்டாவது வாரம், பெட்டிக்குள் ஒரு வட்டு சுழல்கிறது என்பதும், பேட்டரியைத் தின்பது அதுதான் என்பதும் புரிந்தது. பட்டறைக்காரருக்குச் சுழல்வது எதுவும் அந்நியமில்லை. மூன்றாவது வாரம், வட்டு ஒரு தடவை சுழன்றால் ஏழெட்டுப் பாட்டை மொத்தமாக அள்ளி வைத்துக்கொண்டு ஓய்வெடுக்கும்படி திருத்தி எழுதினார்.

"டீச்சர், இனிமே பத்து மணி நேரம் ஓடும்."

"எப்படித் தெரியும்?"

"கணக்குப் போட்டேன்."

நசீமா அலமாரியிலிருந்து அதே மாதிரிப் பெட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

"இதுல ஏத்துங்க. சார்ஜ் முழுசாப் போட்டு, நிக்கிற வரைக்கும் ஓட விடுங்க. நின்ன நேரத்தை அதுவே உள்ள குறிச்சு வச்சுக்கும்."

மறுநாள் இருதயராஜ் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார்.

"எட்டே முக்கால் மணி நேரம்தான். என் கணக்கு தப்பு டீச்சர்."

"எத்தனை தடவை பாத்தீங்க?"

"எதை?"

"பேட்டரி எவ்வளவு மிச்சம்னு."

அவர் யோசித்தார்.

"பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை இருக்கும்."

நசீமா பெட்டியின் பொத்தானை ஒரு தரம் அழுத்தினார். திரை பளீரென்று எரிந்தது. அது தானாக அணையும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருதயராஜ் பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்து வந்தார்.

"பத்து மணி நேரம் அஞ்சு நிமிஷம்."

"இந்தத் தடவை பாக்கலையா?"

"அரிசி டப்பாவுக்குள்ள போட்டு மூடிட்டேன்."

நசீமா முதல் தடவையாகச் சிரித்தார்.

நான்காவது வாரம், திங்கட்கிழமை காலையில் புதிய மென்பொருள் ஏற்றிய பெட்டியைப் பிலோமினாவிடம் கொடுத்துவிட்டு வந்தார். விவரம் எதுவும் சொல்லவில்லை. சாயந்தரம் அவளாகச் சொல்லட்டும் என்று இருந்தார்.

நாலு மணிக்குப் போனபோது பெட்டி அணைந்து கிடந்தது. காதில் மாட்டும் ஒயர் அதைச் சுற்றிக் கட்டப்பட்டு, தலையணை ஓரத்தில் இருந்தது.

பிலோமினா ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. ஆறு மணிக்கு நேராக நசீமாவிடம் வந்தார்.

"பழையபடி ஆயிடுச்சு டீச்சர். வார்டுல சூடு ஜாஸ்தி, பேட்டரிக்கு ஆகலை போல. வட்டை இன்னும் கொஞ்சம் அடக்கிப் பாக்கறேன். இல்லேன்னா திரையையே எரிய விடாமப் பண்ணிடறேன். இன்னும் ரெண்டு வாரம்தானே இருக்கு? ராப்பகலா உக்காந்தாவது..."

நசீமா கையை நீட்டினார். பெட்டியை வாங்கி, பொத்தானை அழுத்தினார்.

பெட்டி விழித்துக்கொண்டது.

பேட்டரியில் இன்னும் மிச்சம் இருந்தது. நின்ற நேரத்தை எடுத்துக் காட்டினார். மூன்றாக இரண்டு நிமிடம்.

"தீர்ந்து நிக்கலை அண்ணே. யாரோ அணைச்சிருக்காங்க."

இருதயராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ நான் எதைத் திருத்தணும்?"

நசீமா பெட்டியை அவர் பக்கம் நகர்த்திவிட்டு சால்டரிங் கம்பியைக் கையில் எடுத்தார்.

மறுநாள் நாலு மணி. எலும்பு முறிவு வார்டு மாடியில் இருந்தது. கட்டில்களின் தலைமாடு வாசல் பக்கம். படுத்திருப்பவர்களால் திரும்பி யாரையும் பார்க்க முடியாது.

இருதயராஜ் வாசலைத் தாண்டி இரண்டு எட்டு வைத்திருப்பார்.

"என்ன, செருப்பு வார் அறுந்துடுச்சா? இழுத்து இழுத்து வர்றீங்க" என்றார் பிலோமினா, கூரையைப் பார்த்தபடி.

இருதயராஜ் குனிந்து தன் காலைப் பார்த்தார். இடது வார் பாதி அறுந்திருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெட்டி தலையணை ஓரத்தில், ஒயர் சுற்றி, அணைந்து கிடந்தது.

"இதை ஏன் மூணு மணிக்கே அணைக்கிற?"

"டீ வந்ததும் அணைச்சுடுவேன். அதைக் காதுல மாட்டிக்கிட்டே இருந்தா படியில நீங்க வர்றது எப்படித் தெரியும்?"

இருதயராஜ் பெட்டியைக் கையில் எடுத்தார்.

"என்னமோ பண்ணிட்டீங்க அதுல" என்றார் பிலோமினா. "முன்ன நல்லா இருந்துச்சு. மூணு மணிக்கு அதுவா நின்னுடும். இப்ப நாந்தான் ஞாபகம் வச்சு அணைக்க வேண்டியிருக்கு."