மூக்கை மறந்துவிட்டுப் போனவர்

செம்மணல்விளைக்காரர்கள் பனிக்கட்டியை மீன் பெட்டிக்குள் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். ஆனாலும் அந்த ஊருக்கு ஒரு பனிச்சறுக்குக் குழு இருந்தது. ஊருக்குப் பின்னால் இருக்கும் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், காலில் பலகையைக் கட்டிக்கொண்டு சறுக்குவார்கள். பயிற்சியாளர் சுயம்புலிங்கம் அண்ணாச்சி. சறுக்குகிறவர்கள் பொன்துரை, சித்திரபாண்டி, ஜெபமணி. அறிவு விஷயத்தில் நால்வருக்குள்ளும் ஏற்றத்தாழ்வே கிடையாது.

இமயமலையில் போட்டி, முதலில் சோதனையில் தேறிப் பாதுகாப்புச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று அழைப்பு வந்தபோது, அண்ணாச்சியின் மச்சான், மீன் வியாபாரி தவசிமுத்து, சந்தையில் எல்லார் முன்னாலும் சிரித்துவிட்டார். அண்ணாச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாம திரும்பி வந்தா, என் பாதி மீசைய நீரே வழிச்சுக்கிடும்வே!"

பதினெட்டு வருஷம் எண்ணெய் தடவி வளர்த்த மீசை. ரயிலில் வழி நெடுக அதைத் தடவிக்கொண்டே, எந்தப் பாதியைக் கொடுப்பது என்று வேறு கவலைப்பட்டார்.

மலையில் சோதனை அதிகாரி தணிகாசலம், பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்ற வேலூர்க்காரர். நல்ல மனுஷன். அதுதான் அவர் செய்த தப்பு.

"கிளம்பறதுக்கு முன்னாடி மேல பாருங்க. முன்னாடி இருக்கறவருக்குத்தான் வழி, பின்னாடி வர்றவங்க பொறுத்துக்கணும். யார் மேலயாவது மோதிட்டா, அவரைக் கவனிச்சு, பேரு முகவரி வாங்காம நகரக் கூடாது. மூணையும் மீறாம கீழ வந்தா சான்றிதழ்," என்று சொல்லிவிட்டுக் கீழே போய் நின்றார்.

நால்வரும் முறைப்படி மேலே பார்த்தார்கள். வானம் இருந்தது. திருப்தியோடு கிளம்பிப் பத்தடி போனதும் சட்டென்று நின்றார்கள். சரிவின் நடுவில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை உடம்பு, தொந்தி, கழுத்தில் சிவப்புத் துண்டு, மூக்குக்குக் கேரட். சுற்றுலா வந்த பிள்ளைகள் செய்து வைத்துவிட்டுப் போன பனிப் பொம்மை.

"முன்னால நிக்காரு. அவருக்குத்தாம்ல வழி," என்றார் அண்ணாச்சி.

"அவரு போவலையே அண்ணாச்சி?" என்றான் பொன்துரை.

"போவாம நிக்கதும் அவரு உரிமைதாம்ல."

"கூப்பிட்டுப் பாப்பமா?" என்றான் சித்திரபாண்டி.

"பொறுக்கணும்னுதான அதிகாரி சொன்னாரு? கூப்பிடணும்னு சொன்னாரா? எனக்கு மீசை முக்கியம்ல."

ஒரு மணி நேரம் பொறுத்தார்கள். கால் விரல்கள் இருக்கின்றனவா என்று குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். கீழேயிருந்து தணிகாசலம் கத்தினார்: "நடு வழியில நிக்காதீங்க! மேலயிருந்து ஆள் வருது! மேல பார்த்துக்கிட்டே வாங்கய்யா!"

அதிகாரி சொன்னால் மறுபேச்சு உண்டா? நால்வரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்கள். பொம்மை மேல் நாலு பேரும் ஒன்றாக விழுந்தார்கள். அதன் தலை தனியாக உருண்டது.

அண்ணாச்சி பதறிப்போய்த் தலையை எடுத்துப் பொருத்தினார். "மன்னிச்சுக்கிடும்வே! பேரு என்ன? வீடு எங்க?"

ஜெபமணி தொட்டுப் பார்த்தான். "உடம்பு சில்லுன்னு இருக்கு அண்ணாச்சி. குளிர்காய்ச்சல்!"

தூக்கிக்கொண்டு முதலுதவி அறைக்கு ஓடினார்கள். கட்டிலில் படுக்கவைத்து, இரண்டு கம்பளி போர்த்தி, பக்கத்தில் ஹீட்டரை வைத்தார்கள். கால் மணி நேரத்தில் ஜெபமணி துள்ளிக் குதித்தான்.

"வேர்க்குது அண்ணாச்சி! காய்ச்சல் விட்டுருச்சி!"

அண்ணாச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. நோயாளி தூங்கட்டும் என்று நால்வரும் வெளியே போய் நின்றார்கள். திரும்பி வந்து பார்த்தால் ஆளைக் காணோம். கட்டிலில் கேரட்டும் துண்டும் கிடந்தன.

தணிகாசலம் மூச்சிரைக்க வந்தார். "யாருக்குய்யா அடி?"

"குணமாகி எந்திரிச்சுப் போயிட்டாருங்க. மூக்கைத்தான் மறந்துட்டாரு," என்று அண்ணாச்சி கேரட்டை நீட்டினார்.

"யோவ்! அது பனிய்யா! உருகித் தண்ணியா போயிடுச்சு!"

"எந்தப் பக்கமாப் போனாருங்க?"

தணிகாசலம் தலையில் அடித்துக்கொண்டார். கதவுக்கு அடியில் ஓடிய ஈரத்தைக் காட்டினார். "ஓடையில இறங்கி, ஆத்துல சேர்ந்து, கடலுக்குப் போயிருப்பாரு! போய் அவர் பேரு முகவரி வாங்கிட்டு வா, கையெழுத்துப் போடறேன்!"

கையெழுத்தில்லாத சான்றிதழும் கேரட்டுமாக அண்ணாச்சி ஊர் திரும்பினார். சந்தையில் தவசிமுத்து சவரக்கத்தியோடு காத்திருந்தார். அண்ணாச்சியை ஸ்டூலில் உட்காரவைத்தார். இடது பாதிக்குச் சோப்பும் போட்டாகிவிட்டது. அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்திலிருந்து வந்த மீன் பெட்டியை யாரோ திறந்தார்கள். உள்ளே சாளை மீனுக்கு நடுவில் ஒரு பெரிய பனிக்கட்டி.

"நில்லும்வே!" அண்ணாச்சி சோப்பு நுரையோடு பாய்ந்தார். கேரட்டை எடுத்துப் பனிக்கட்டியில் ஒட்டவைத்தார். கச்சிதமாக உட்கார்ந்தது. "இவருதாம்ல! கடல் வழியா நமக்கு முன்னாலயே வந்துட்டாரு! பேரு முகவரி வாங்கிட்டா அதிகாரி கையெழுத்துப் போட்டுருவாரு!"

தவசிமுத்து கத்தியை இறக்கினார். பனிக்கட்டியை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். வாய்ப் பேச்சில் ஏமாறுகிற ஆள் இல்லை அவர்.

"முகவரி என் பெட்டின்னு எழுதிக்கிடும். அது சரி. பேரை அவரு வாயாலதான் சொல்லணும். அதுவரைக்கும் கத்தி இங்கயேதான் இருக்கும்."

"மயக்கத்துல இருக்காருவே."

"அப்படின்னா சூடா ஒரு டீ வாங்கி ஊத்தும்!"

சந்தை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. அண்ணாச்சி பாதி நுரையும் பாதி நம்பிக்கையுமாக டீயை ஊற்றினார். மூன்றாவது டம்ளரில் கேரட் லேசாக அசைந்தது.

"வேர்க்குது அண்ணாச்சி!" என்று ஜெபமணி கூவினான். "பேசப் போறாரு! சீக்கிரம் இன்னொரு டீ!"