பரிசலில் ஏறினாளா?

ஏரிக்கரை மடத்தில் அன்று துணி துவைக்கிற நாள். சாமியம்மா பெரிய ஜமுக்காளத்தை அலசி, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையைப் பிடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தணிகாசலம் அழுதுகொண்டே வந்தார்.

சாமியம்மா குரு, தணிகாசலம் சீடர். குருவுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. சீடருக்கு அறுபது தாண்டிவிட்டது. அதனால் சீடர் குருவை ‘அம்மா’ என்பார், குரு சீடரை ‘ஐயா’ என்பார். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

“வாங்க ஐயா. நல்ல நேரத்துல வந்தீங்க. அந்த முனையைப் பிடிங்க.”

“அம்மா, என் நூலகம் போயிடுச்சு.”

“பிடிச்சுக்கிட்டே சொல்லுங்க.”

பிடித்துக்கொண்டார். இருவரும் ஆளுக்கொரு பக்கமாகத் திருகினார்கள்.

ஊர் நூலகத்தைப் பார்த்துக்கொண்டவர் தணிகாசலம்தான். அறை பஞ்சாயத்து கொடுத்தது. புத்தகங்களில் பாதி யார் யாரோ கொடுத்தவை, பாதி அவர் தன் பென்ஷனில் வாங்கியவை. மகள் பிரசவத்துக்கு வேலூர் போயிருந்தார். பேத்தியைப் பார்த்த சந்தோஷத்தோடு திரும்பி வந்தால், அறையில் குடிதண்ணீர் சுத்தம் பண்ணுகிற மெஷின் நிற்கிறது. பீரோக்கள் வெளியே வெயிலில் கிடக்கின்றன. எல்லாம் காலி.

“புத்தகமெல்லாம்?”

“பழைய பேப்பர்காரர்கிட்டப் போட்டுட்டாங்க. அவர் வடைக்கடைக்குக் கொஞ்சம் குடுத்துட்டு, மீதியை லாரியில ஏத்தி ஆலைக்கு அனுப்பிட்டார். இந்நேரம் அரைச்சுக் கூழாக்கியிருப்பாங்க.”

“தலைவர்கிட்டக் கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘யாருமே வராத இடத்துல எதுக்குப் பெரியவரே ஃபேனு, லைட்டு? தண்ணின்னதும் எப்படிக் கூட்டம் வருது பாருங்க’ங்கறார். கூட்டம் வரத்தான் செய்யுது. குடத்தோட வரிசையில நிக்கறாங்க. இங்க புத்தகம் இருந்துச்சே, எங்கேன்னு ஒரு வாய் கேக்கலைம்மா.”

“இன்னும் திருகுங்க. நடுவுல தண்ணி நிக்குது.”

“என்னத்தைத் திருகறது? கையில தெம்பே இல்லை. ஒவ்வொரு புத்தகத்தையும் எப்படி வச்சிருந்தேன்! காக்கி அட்டை போட்டு, நம்பர் ஒட்டி, அந்துருண்டை போட்டு, பீரோவைப் பூட்டி... ஒரு கரப்பான் நுழைஞ்சதில்லை.”

“மனுஷங்க?”

“அவங்களும்தான் நுழையலை.” கண்ணைத் தோள் துண்டில் துடைத்துக்கொண்டார். “காலையில பேப்பர் படிக்க நாலு பேர் வருவாங்க. மணமகள் தேவை விளம்பரத்தைக் கிழிச்சு எடுத்துக்கிட்டுப் போவாங்க. நானும் என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டேன். புத்தகம் படிங்க, புத்தகம் படிங்கன்னு பள்ளிக்கூடப் பிள்ளைங்களைத் தெருத்தெருவாக் கூட்டிக்கிட்டுப் போய்க் கத்த வச்சேன். விழா எடுத்துச் சக்கரைப் பொங்கல் போட்டேன். ஊரே வந்துச்சு. தின்னுட்டு, கையைக் கழுவிக்கிட்டு, அப்படியே போயிடுச்சு.”

“பொங்கல் நல்லா இருந்துச்சு. நானும் சாப்பிட்டேன்.”

“விளையாடாதீங்கம்மா. நான் செஞ்சதெல்லாம் யாருக்காக? ஒரே ஒரு ஆளைக் காட்டுங்க. எனக்கு ஒரு புத்தகம் வேணும்னு மனசாரக் கேக்கற ஒரு ஆள். நாளைக்கே வீடு வீடாப் பிச்சையெடுத்தாவது திரும்ப ஆரம்பிக்கறேன். இல்லைன்னா இதைத் தலைமுழுகிட்டு மகள் வீட்டோட போயிடறேன்.”

 சாமியம்மா ஜமுக்காளத்தைக் கொடியில் போட்டு, சுருக்கம் போக இழுத்துவிட்டார்.

கரையேறி ஒரு பெண் வந்தாள். இடுப்பில் குழந்தை. தலைமுடியெல்லாம் செங்கல் தூசி. கையில் எண்ணெய் ஊறிய ஒரு தாள்.

“நூலகத்துப் பெரியவர் மடத்துப் பக்கம் போனாருன்னு வடைக்கடையில சொன்னாங்க.”

“நான்தாம்மா.”

“என் பேரு பூங்காவனம். சூளையில கல்லு அறுக்கறேன். நேத்து இதுலதான் வடை மடிச்சுக் குடுத்தாங்க. உங்க முத்திரை இருக்கு பாருங்க. எனக்கு இதுக்கு அடுத்த பக்கம் வேணும்.”

தணிகாசலம் தாளைப் பார்த்தார். அவர் குத்திய ஊதா முத்திரை எண்ணெயிலும் கலையாமல் இருந்தது.

“அம்மா, கேட்டுட்டாங்க” என்றார் குருவிடம். “ஒரு ஆள் வந்து கேட்டுட்டாங்கம்மா!”

“என்னை எதுக்குப் பார்க்கறீங்க? அவங்களைப் பாருங்க.”

பூங்காவனம் மூச்சு விடாமல் சொன்னாள். “ஒரு சின்னப் பொண்ணுய்யா, கைக்குழந்தையோட வீட்டைவிட்டு ஓடி வந்துடறா. ஆத்துல வெள்ளம். பின்னாடி புருஷன் ஆளுங்க தேடிக்கிட்டு வர்றாங்க. பரிசல்காரன் ஒருத்தருக்குத்தான் இடம் இருக்குங்கறான். கைப்பிள்ளையைக்கூடவா ஆளாக் கணக்கு வைப்பான், பாவி! அவ பிள்ளை முகத்தைப் பார்க்கறா. அதோட பக்கம் முடிஞ்சு போச்சு. வடைக்காரம்மாகிட்ட ஓடினா, அடுத்த தாள்ல யாருக்கோ போண்டா மடிச்சுக் குடுத்துட்டேன்டீங்கறா. ராவெல்லாம் தூக்கமில்லை. இவளைப் பக்கத்துல போட்டுக்கிட்டு, அவ ஏறினாளா ஏறலையான்னே கெடந்தேன்.”

“இவ்வளவு ஆசை இருக்கறவ, நூலகம் இருந்தப்ப ஒரு நாள் வந்திருக்கலாமேம்மா?”

“தினம் அந்த வழியாத்தான் போவேன். பூட்டின பீரோவாத் தெரியும். ஏதோ ஆபீஸுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“வாசல்ல போர்டு வச்சிருந்தேனே!”

“வச்சிருந்தீங்க. சத்தம் போடாதீர். கை கழுவாமல் தொடாதீர். கைக்குழந்தையுடன் வராதீர். நானும் எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டுத்தான் போனேன்.” குழந்தையை இடுப்பில் ஏற்றி வைத்துக்கொண்டாள். “இவளை நான் எங்க எறக்கி வச்சுட்டு வர்றது?”

தணிகாசலம் குருவைப் பார்த்தார். குரு வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது கெடக்கட்டும் ஐயா. அவ ஏறினாளா?”

“அந்தப் புத்தகம் எனக்கு நல்லாத் தெரியும்மா” என்றார் அவசரமாக. “மூணாவது பீரோ, மேல் தட்டு. முதுகுல நீலத்துணி ஒட்டி பைண்டிங் பண்ணது. நம்பர்கூடச் சொல்லிடுவேன்...”

“நம்பரை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? பரிசல்ல ஏறினாளா இல்லையா?”

அவர் துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

“நான் அதைப் படிச்சதில்லைம்மா” என்றார் கடைசியில்.

“சரி, எடுத்துக்கிட்டுப் போய்ப் படிச்சவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க. நான் போய்க் கேட்டுக்கறேன்.”

“அதை யாரும் எடுத்ததே இல்லை.”

“அப்ப இவ்வளவு காலமா நீங்க அங்க என்னதான் பண்ணீங்க?”

“பத்திரமாப் பார்த்துக்கிட்டேன்.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலை போல இருந்திருக்கும். குழந்தை அந்தத் தாளைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனது. மெல்லப் பிடுங்கி அவர் கையில் வைத்தாள்.

“இந்தாங்க, இதையும் பத்திரமா வச்சுக்கங்க. சூளையில தேடுவாங்க, நான் வரேன்.” இரண்டடி போனவள் திரும்பிப் பார்த்தாள். “ஏறியிருப்பான்னே நெனச்சுக்கறேன்.”

இறங்கிப் போய்விட்டாள்.

“அம்மா, நான் ஓடிப்போய்ப் பேப்பர்காரரைப் பிடிக்கவா?”

“லாரி போயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“வேற வழி ஒண்ணும் இல்லையா?”

சாமியம்மா அடுத்த துணிக்குச் சோப்புப் போட்டார்.

தணிகாசலம் கொடிக்கடியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜமுக்காளத்திலிருந்து சொட்டிய தண்ணீர் முதுகை நனைத்தது. நகரவில்லை. வெகுநேரம் தாளைக் கையில் வைத்திருந்தவர், பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

எண்ணெய் ஊறிய இடத்தில் பின்பக்கத்து எழுத்தும் முன்னால் வந்து குழப்பியது. கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் படித்தார். முன்பக்கம் முடிந்தது. திருப்பினார். ஆறு வந்தது. பரிசல்காரன் வந்தான். அவள் குழந்தையைப் பார்த்தாள். பின்பக்கமும் முடிந்தது. மறுபடி திருப்பினார்.

“அப்புறம் என்ன ஆச்சும்மா?” என்றார்.

“வடைக்கடையில மீதித் தாள் இருக்கும். மூடறதுக்குள்ள போங்க ஐயா.”