கடைசி வரிசைக் கேள்வி

திருச்சி தில்லை நகரில் ஒரு கம்பெனியின் மாடியில், இணையதளம் கட்டிப் பிழைக்கிறவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுவார்கள். புதிதாக வந்த மென்பொருள் கருவி ஒன்றை யாராவது மேடையேறிக் காட்டுவார். எந்தக் கருவி வந்தாலும் அதில் முதலில் செய்து காட்டுவது, செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்தான். அந்தப் பட்டியலில் இருந்த வேலையை யாரும் செய்ததாகத் தகவல் இல்லை.

அந்தக் கூட்டத்துப் பழைய ஆட்களுக்கு பெனாசிர் என்றால் தனி மரியாதை. வயது முப்பதுதான். யாருக்கு எங்கே சிக்கினாலும் அவரிடம்தான் போய் நிற்பார்கள்.

அவருக்கு ஒரு சிஷ்யர் இருந்தார். பெயர் கலியமூர்த்தி, வயது நாற்பத்தைந்து. மருந்துக் கம்பெனிப் பையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கியவர், அதை விட்டுவிட்டு இந்தத் தொழிலுக்கு வந்திருந்தார். குரு சிஷ்யரை "அண்ணே" என்பார். சிஷ்யர் குருவை "டீச்சர்" என்பார். இருவருக்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

கூட்டத்துப் பிள்ளைகள் தங்களுக்குள் "ப்ரோ" என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். கலியமூர்த்தியை மட்டும் "அங்கிள்" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் மனுஷனுக்கு அது முள்ளாகக் குத்தியது.

அவருக்கு குரு வாய்த்ததே ஒரு வேடிக்கை. முதல் தடவை வந்த அன்று அவருக்கு ஒன்றுமே புரியவில்லை. டீ வரட்டும், குடித்துவிட்டு நழுவிவிடலாம் என்று கதவோரம் உட்கார்ந்திருந்தார். அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினார்.

"தம்பி, கேச், கேச்னு சொல்லிக்கிட்டே இருக்கீங்களே, அப்படின்னா என்ன?"

மேடையில் இருந்தவன் கொஞ்சம் விழித்தான். பிறகு, "ஒரு தடவை கொண்டுவந்ததைப் பக்கத்துலயே எடுத்து வெச்சுக்கறதுதான் அக்கா. ஒவ்வொரு தடவையும் தூரத்துக்கு ஓட வேணாம்ல" என்றான்.

நம்மைவிட மோசமான ஆள் ஒன்று இருக்கிறது என்று கலியமூர்த்திக்கு உயிர் வந்தது. எழுந்துபோய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர்தான் பெனாசிர் என்று தெரிவதற்குள் சிஷ்யராகவே ஆகிவிட்டிருந்தார்.

இப்போது அவருக்கும் நாலு விஷயம் தெரியும். கூடவே வெட்கமும் வந்துவிட்டது. ஒவ்வொரு கூட்டத்திலும் பெனாசிர் கை தூக்கும்போது இவர் தரையைப் பார்ப்பார்.

ஒரு நாள் டீக்கடையில் கேட்டேவிட்டார்.

"டீச்சர், போன வாரம் எனக்கு நீங்கதானே சொல்லிக்குடுத்தீங்க. அதையே இன்னிக்கு அந்தப் பையன்கிட்ட என்னன்னு கேக்கறீங்க. புதுசா வந்தவங்க உங்களை என்ன நினைப்பாங்க?"

"என்ன நினைப்பாங்க?"

"ஒண்ணும் தெரியாதவங்கன்னு நினைப்பாங்க."

"நினைச்சுட்டுப் போகட்டும். வடை ஆறுது, சாப்பிடுங்கண்ணே."

அடுத்த மாதம் மேடை கலியமூர்த்திக்கு என்று முடிவாயிற்று. வீட்டில் சொன்னார், மாமியாருக்கும் போன் போட்டுச் சொன்னார். அன்று மட்டும் நன்றாகப் பேசிவிட்டால் "அங்கிள்" போய்விடும் என்று ஒரு நம்பிக்கை.

வேலைப் பட்டியலெல்லாம் அவர் செய்யவில்லை. டீயா காபியா என்று கேட்கும் ஒரு பக்கத்தைக் கட்டினார். வந்திருப்பவர்கள் தங்கள் போனில் தொட்டால், மேடைத் திரையில் அந்தக் கணமே கணக்கு ஏறும். அழகாகவே வந்திருந்தது. அதற்கு எழுதிய நிரலில் ஒரே ஒரு வரிதான் இடித்தது. யாரோ இணையத்தில் எழுதியிருந்ததைப் பார்த்துப் போட்ட வரி. இருந்தால் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது. ஏன் என்று தெரியவில்லை. டீச்சரிடம் கேட்டிருக்கலாம். மேடையேறப் போகிறவன் போய்க் கேட்பதாவது என்று இருந்துவிட்டார்.

கூட்டத்துக்கு முன்தினம் பெனாசிரிடம் வந்தார்.

"ஒரு உதவி டீச்சர். நாளைக்கு என் பேச்சுல மட்டும் கை தூக்காதீங்க."

"ஏண்ணே?"

"சும்மாதான்."

"சரி. தூக்கலை."

மறுநாள் பேச்சு பிரமாதமாகப் போயிற்று. போனைத் தொடத் தொடத் திரையில் டீ ஏறியது, காபி ஏறியது, பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த வரி வந்தபோது கலியமூர்த்தி திரையைச் சட்டென்று மேலே தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போனார். முடித்தபோது கைதட்டல்.

"கேள்வி ஏதாவது இருக்கா?"

யாரும் வாய் திறக்கவில்லை. பழைய ஆட்கள் சிலர் தலையைத் திருப்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார்கள். பெனாசிர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சாதுவாக உட்கார்ந்திருந்தார்.

"செம ப்ரோ!" என்று ஒரு பையன் தோளில் தட்டிவிட்டுப் போனான்.

ப்ரோ! கலியமூர்த்திக்குக் கால் தரையில் பாவவில்லை. டீயை வாங்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார். மாடிப்படி அருகே, பையை மாட்டியபடி இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரையும் அவர் முன்னே பார்த்ததில்லை.

"உனக்குப் புரிஞ்சுதாடி?"

"எங்க? ஆனா யாருமே ஒண்ணும் கேக்கலையே. அவங்களுக்கெல்லாம் புரிஞ்சிருக்கும்."

"அடுத்த மாசம் வருவேல்ல?"

"மணப்பாறையிலேர்ந்து பஸ் ஏறி வந்து இங்க எதுக்கு முழிக்கணும்? நமக்கு இது சரிப்பட்டு வராதுடி. எங்கப்பா சொல்ற மாதிரி பேங்க் பரீட்சைக்கே படிக்கறேன்."

சரிப்பட்டு வராது! ஒரு காலத்தில் கதவோரம் உட்கார்ந்துகொண்டு கலியமூர்த்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. டீயை சன்னலில் வைத்துவிட்டு உள்ளே ஓடினார். பெனாசிர் வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"டீச்சர், நீங்களாவது ஒரு கேள்வி கேட்டிருக்கக் கூடாதா?" கோபமாகவே கேட்டார்.

"வாக்குக் குடுத்துட்டேனே அண்ணே."

"அங்க ஒரு பொண்ணு போகுது. இனிமே வராது அது."

"அப்ப கூப்பிடுங்க."

அவர் திரும்ப ஓடிவந்து படிக்கட்டின் மேலிருந்து எட்டிப் பார்த்தார். பெண்கள் பாதிப் படி இறங்கியிருந்தார்கள்.

"அம்மாடி! மணப்பாறை! ஒரு நிமிஷம் நில்லும்மா!"

அந்தப் பெண் நின்று, நிமிர்ந்து பார்த்தது. கலியமூர்த்தி திரும்பிப் பார்த்தார். பெனாசிர் அவருடைய மடிக்கணினியைத் திறந்தபடியே கையில் ஏந்திக்கொண்டு பின்னால் வந்து நின்றிருந்தார்.

"என்ன டீச்சர் சொல்றது? முதல்லேர்ந்து மறுபடியும் விளக்கவா?"

"அதைத்தான் நல்லா விளக்கிட்டீங்களே."

"அப்புறம் என்னத்தைச் சொல்ல? அது நிக்குதே, சீக்கிரம் சொல்லுங்க."

அவர் அவசரமாக மேலே தள்ளிவிட்டுப் போன அந்த வரியைப் பெனாசிர் திரையில் திரும்பக் கொண்டுவந்தார். அதன்மேல் விரலை வைத்து, கணினியை அவர் கையில் கொடுத்தார்.

"இது எனக்குப் புரியலம்மா, கொஞ்சம் வந்து கூட உக்காருன்னு சொல்லுங்கண்ணே."